ஆறாவது சாமான்

நடுவர் அவர்களே, எதிரணியில் வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி அவர்களே, தியாகதுருகத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார்களே!

"வீட்டிலேயே மது கலந்து அளவோடு குடிக்கப் பழகுவது நாகரிகமா, நாசமா?" நாசமே என்று பேச வந்திருக்கிறேன்.

தம்பி அழகாகச் சொன்னார். "ஒரு குலுக்குற டப்பா, ஒரு அளவுக் கிண்ணம், எலுமிச்சம்பழம், சர்க்கரைப் பாகு, ஐஸ்கட்டி. அஞ்சே அஞ்சு சாமான், காக்டெய்ல் ஆரம்பிச்சிடலாம்"னாரு. நானும் விரல் விட்டு எண்ணினேன். ஏன் தம்பி, அந்த ஆறாவது சாமானை மட்டும் சொல்லவே இல்லையே? (சிரிப்பு) நீங்க சொன்ன அஞ்சும் எங்க வீட்டு அடுப்படியிலே ஏற்கெனவே இருக்கு. வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாததுன்னு நாங்க சொல்றது அந்த ஆறாவதைத்தான்! (கைதட்டல்)

அளவுக் கிண்ணம் இருக்கு, 30 மில்லி, 60 மில்லின்னு அளந்து ஊத்தலாம்னாரு. ஐயா, முதல் ரவுண்டை அளக்கிற கை நடுங்காது. மூணாவது ரவுண்டை அளக்குமா? அப்போ கிண்ணம் எங்கேன்னே தெரியாதே! (பலத்த சிரிப்பு) இன்னொண்ணு. பழச்சாறும் பாகும் சேர்ந்தா மதுவோட காரம் நாக்குக்குத் தெரியாது. அந்தக் காரம்தான் உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணி. மணியோட நாக்கை அறுத்துட்டு, கோயில் அமைதியா இருக்குன்னு சொல்றீங்க. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

"வீட்டிலே நல்ல சரக்கைக் கலந்து குடிச்சிருந்தா கள்ளக்குறிச்சி சாவு நடந்திருக்குமா?" என்று கேட்டார். இந்த மேடையில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது.

2024 ஜூன் மாதம். இதோ, நமக்குப் பக்கத்திலே இருக்கிற கள்ளக்குறிச்சி, கருணாபுரம். 60 பேருக்கு மேலே போய்ச் சேர்ந்தாங்க. பெண்களும் அதிலே உண்டு. அப்பா, அம்மா ரெண்டு பேரையும் பறிகொடுத்த பிள்ளைகள் உண்டு. கலந்திருந்தது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சரக்கு. பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. உள்ளே போன பிறகு உடம்பே அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும். கண் மங்கும். பல மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ளே இன்னொரு பாக்கெட்டும் குடிச்சிருப்பாங்க.

கடை பாட்டிலிலே மெத்தனால் இல்லை தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா அந்தச் சனங்க பாக்கெட்டுக்கு ஏன் போனாங்க? பழக்கம் இருந்தது, குவார்ட்டருக்குக் காசு பத்தலை. பழக்கத்தை நீங்க கண்ணாடிக் கிளாஸிலே, எலுமிச்சைத் துண்டு செருகி வீட்டுக்குள்ளே கொண்டு வர்றீங்க. சம்பளம் நின்ன மாசம் பழக்கமும் நிக்குமா? கையிலே இருக்கிற காசுக்கு எது கிடைக்குதோ அதைத் தேடும்.

நம்ம பக்கம் கரும்புச் சீமை. வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. அதே வெல்லம் கல்வராயன் மலை ஏறினா, பட்டையோட பானையிலே ஊறி ஊறலாகுது. போலீஸ்காரர் மலையேறிப் போய்க் கொட்டுறார், திரும்பவும் ஊறுது. அதே வெல்லம் நம்ம வீட்டு அடுப்படிக்கு வந்தா பானகம்!

கலக்கிற கலை வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. கலக்குங்க! ஒரு லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் வெல்லம். கரைச்சு, மண் போக வடிகட்டிட்டு, அப்புறமா ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்க. சுக்குப்பொடி கால் ஸ்பூன், ஏலக்காய் நாலு, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுடாதீங்க, இனிப்பைத் தூக்கிக் காட்டுறதே அதுதான். ஐஸ் போடுறதா இருந்தா தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, கரைஞ்சா நீர்த்துப் போகும். புதினா போட்டா லேசாக் கசக்குங்க, அரைச்சா கசப்பு இறங்கும். குலுக்குற டப்பா இல்லையா? நம்ம டீ மாஸ்டர் ரெண்டு டம்ளரை வச்சுக்கிட்டு ஆத்துறாரே, அதைவிடவா? (கைதட்டல்) பானகம் வேண்டாமா? நன்னாரி சர்பத், எலுமிச்சை, கொஞ்சம் சோடா. கிளாஸ் ஓரத்திலே பழத்துண்டும் செருகிக்குங்க தம்பி, யாரு வேண்டாம்னா?

இந்தக் கலவையை எட்டு வயசுப் பிள்ளையே அளந்து கலந்து, தாத்தாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணுன்னு தூக்கிக் கொடுக்கலாம். உங்க கலவையை அந்தப் பிள்ளை கையிலே கொடுத்தனுப்புவீங்களா? (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியடிச்சுட்டாரு. தம்பி தொண்டை வறளப் பேசினவரு, கூட்டம் முடிஞ்சதும் ஒரு டம்ளர் பானகம் நானே கலந்து தர்றேன்.