சுதந்திர தினம்: கொண்டாடுவதா, மறப்பதா?

 



2021ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதிக்கு மறுநாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முற்றத்தில் நின்றிருந்தேன். ஒரு தந்தை தம் மகனின் கையைப் பிடித்தவாறு என்னிடம் வந்தார். மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவனுடைய தாயின் தந்தை கொரோனாத் தொற்றினால் வபாத்தாகியிருந்தார். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த உத்தரவின்படி அவருடைய ஜனாஸா அடக்கப்படாமல் எரிக்கப்பட்டது.

அந்தத் தந்தை சொன்னார்: "மௌலவி, சுதந்திர தினத்தன்று ஒவ்வொரு வருடமும் வீட்டில் கொடி ஏற்றுபவன் நான். இம்முறை கொடியைக் கையில் எடுத்தபோது மகன் கேட்டான், 'மூத்தவாப்பாவை எரித்த நாட்டுக்கு எதற்குக் கொடி?' என்று. நான் கொடியை மடித்து வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?"

நேயர்களே, அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பெரியவருக்காக துஆச் செய்தேன். "எனக்குச் சிறிது அவகாசம் தாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அறபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் பெப்ரவரி 4 என்பது எனக்கும் என் தோழர்களுக்கும் ஸுப்ஹுக்குப் பின் நன்றாக உறங்கக் கிடைத்த ஒரு விடுமுறை மாத்திரமே. அந்நாளைப் பற்றிச் சிந்தித்துப் பார்க்க என்னைத் தூண்டியவன் அந்த இளைஞன்தான்.

தேசிய தினம் எல்லா நாடுகளிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. பிரான்ஸ் நாட்டில் ஜூலை 14ஆம் திகதி பாரிஸ் மாநகரின் பெருவீதியில் இராணுவ அணிவகுப்பு நடைபெறுகின்றது. நோர்வேயிலோ மே 17ஆம் திகதி பாடசாலைப் பிள்ளைகளே வீதியெங்கும் கொடி பிடித்து ஊர்வலம் செல்கின்றனர். ஒஸ்லோவில் அரச குடும்பத்தினர் மாளிகையின் மாடத்தில் நின்று அப்பிள்ளைகளுக்குக் கையசைக்கின்றனர். 1814ஆம் ஆண்டு அந்நாட்டின் அரசியலமைப்பு நிறைவேறிய நாள் அது. 1940 முதல் 1945 வரை ஜேர்மனியப் படைகள் அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தில் இக்கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. கொடி பிடிக்கவும் உரிமை வேண்டும் என்பதை அறிந்த மக்கள் அவர்கள்.

நமது சகோதர நாடாகிய இந்தோனேசியாவைப் பாருங்கள். 1945 ஒகஸ்ட் 17ஆம் திகதி அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அது ரமழான் மாதத்து வெள்ளிக்கிழமை. நோன்பு காலத்தில் பிறந்த சுதந்திரம் அது! இன்று அங்கே கிராமந்தோறும் அந்நாளில் போட்டிகள் நடைபெறுகின்றன. நமது நாட்டின் வழுக்குமரம் போன்று, எண்ணெய் பூசிய கமுகு மரத்தை நட்டு உச்சியில் பரிசுகளைத் தொங்கவிடுகின்றனர். தனியொருவனால் அம்மரத்தில் ஏறிவிட முடியாது. ஒருவன் தோள்மீது ஒருவன் நின்று, விழுந்து, எழுந்து, ஈற்றில் ஒருவன் உச்சியைத் தொடுகிறான். கீழே தோள் கொடுத்தவர்களுக்கும் பரிசில் பங்குண்டு. ஒரு நாட்டுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன?

கொண்டாடாமல் விடுபவர்களும் உண்டு. உலகின் பெரும்பகுதியை ஆண்ட பிரித்தானியாவுக்கு சுதந்திர தினம் என்று ஒன்றில்லை. எவரிடமிருந்து அது விடுதலை பெறுவது? இங்கிலாந்தின் நாளாகச் சொல்லப்படும் ஏப்ரல் 23இல் கூட அங்கே பொது விடுமுறை கிடையாது. அவ்வளவு தூரம் போவானேன்? 1972 மே 22ஆம் திகதி நமது நாடு குடியரசானது. அந்நாள் வந்து போவதை நம்மில் எத்தனை பேர் அறிகின்றோம்?

ஜேர்மனியின் செய்தி ஆழமானது. 1989 நவம்பர் 9ஆம் திகதி பேர்லின் சுவர் திறக்கப்பட்டது. மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். அந்நாளையே தேசிய தினமாக்கியிருக்கலாம். ஆனால் 1938இல் அதே நவம்பர் 9ஆம் திகதி இரவில்தான் அந்நாட்டில் யூதர்களின் வணக்கஸ்தலங்கள் தீக்கிரையாக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. எனவே 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றிணைந்த ஒக்டோபர் 3ஆம் திகதியே தேசிய தினமாயிற்று. தான் இழைத்த அநீதியை நினைவில் வைத்திருக்கும் ஒரு தேசம், அந்த அநீதி நடந்த நாளில் பட்டாசு கொளுத்துவதற்கு வெட்கப்படுகின்றது.

அன்பர்களே, கொண்டாடுவோரும் மறப்போரும் போக, மூன்றாவது ஒரு சாரார் இருக்கின்றனர். ஊரெல்லாம் கொண்டாடும் நாளில் அழுபவர்கள் அவர்கள்.

அவுஸ்திரேலியாவில் ஜனவரி 26 தேசிய தினம். 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் தம் கொடியை ஏற்றிய நாள் அது. அம்மண்ணின் பூர்வீக மக்களுக்கோ அது தம் நிலம் பறிபோன நாள். 150 ஆண்டுகள் கழித்து, 1938இல் அதே நாளில், அம்மக்கள் சிட்னியில் ஒன்றுகூடி அதைத் துக்க தினமாக அறிவித்துப் பிரஜாவுரிமை கேட்டனர்.

அமெரிக்காவில் பிரெட்ரிக் டக்ளஸ் என்றொருவர் இருந்தார். அடிமையாகப் பிறந்து, தப்பியோடிச் சுதந்திர மனிதரானவர். 1852இல் சுதந்திர தினத்தையொட்டி உரையாற்ற அவர் அழைக்கப்பட்டார். அவர் ஜூலை 4இல் அல்ல, மறுநாள் 5இல் பேசினார். "இந்த நாள் ஓர் அடிமைக்கு என்ன?" என்பதே அவ்வுரையின் சாரம். அதே உரையில் அந்நாட்டை நிறுவியவர்களை அவர் மெச்சவும் செய்தார். 'நீங்கள் எழுதி வைத்த வாக்கை நிறைவேற்றுங்கள்' என்பதே அவருடைய கோரிக்கையின் உட்பொருள். உள்நாட்டு யுத்தம் வந்தபோது கறுப்பின இளைஞர்களைப் படையில் சேருமாறு அழைத்ததும் அவரே. 1865இல் அந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அவர் நாட்டை வெறுத்து ஒதுங்கவில்லை, அநீதியைக் கண்டு வாய்மூடி இருக்கவுமில்லை.

இனி, மார்க்கத்தின் பார்வையில் இதனை நோக்குவோம்.

நமக்குப் பெருநாட்கள் இரண்டு. மதீனாவாசிகள் விளையாடி மகிழ்ந்துவந்த இரு நாட்களுக்குப் பகரமாக அல்லாஹ் ஈதுல் பித்ரையும் ஈதுல் அழ்ஹாவையும் தந்தான் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இதனை முன்வைத்துத் தேசிய தினத்தை ஏற்காத உலமாக்கள் உள்ளனர். அது வணக்கம் சார்ந்ததல்ல, உலக வழக்கம் சார்ந்தது என்று அனுமதிக்கும் உலமாக்களும் உள்ளனர். சவூதி அரேபியாவிலேயே, 1932 செப்டெம்பர் 23ஆம் திகதி இராச்சியம் பிரகடனப்படுத்தப்பட்டும், மன்னர் அப்துல்லாஹ்வின் காலத்தில் 2005இல்தான் அந்நாள் பொது விடுமுறையாயிற்று. 2022 முதல் பெப்ரவரி 22ஆம் திகதி ஸ்தாபக தினமாகவும் அங்கு அனுஷ்டிக்கப்படுகின்றது. எனவே இவ்விடயத்தில் கருத்து வேறுபாடு கொண்டோரை ஏசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அதைப் பெருநாளாக்கவோ வணக்கமாக்கவோ கூடாது என்பதில் மாத்திரம் நாம் தெளிவாக இருப்போம்.

ஆனால் நன்றியுணர்வோடு ஒரு நாளை நினைவுகூர்வது நமக்குப் புதியதா? பிர்அவ்னிடமிருந்து மூஸா (அலை) அவர்களும் அன்னாரின் சமூகத்தாரும் காப்பாற்றப்பட்ட நாளில் அன்னார் நோன்பு நோற்றார்கள். நபி (ஸல்) அவர்களும் அந்த ஆஷூரா நோன்பை நோற்று, நம்மையும் நோற்கச் செய்தார்கள். ஒரு சமூகத்தின் விடுதலை நாள் வாணவேடிக்கையால் அல்ல, நோன்பால் நினைவுகூரப்பட்டது!

பிறந்த மண்ணை நேசிப்பது ஈமானுக்கு முரணானதா? மக்காவை விட்டு வெளியேறியபோது நபி (ஸல்) அவர்கள் அந்நகரை நோக்கி, தம் சமூகத்தார் வெளியேற்றியிராவிட்டால் அதை விட்டுச் சென்றிருக்கவே மாட்டேன் எனும் கருத்தில் ஏக்கத்துடன் கூறினார்கள். சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். அந்த மண்ணில்தான் அன்னார் கல்லடிபட்டார்கள், பட்டினி கிடந்தார்கள். தோழர்கள் வதைக்கப்பட்டார்கள். ஆயினும் அநீதி செய்தவர்களையும் மண்ணையும் அன்னார் ஒன்றாகக் கருதவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வெற்றியாளராக நுழைந்தபோதும் பணிவினால் தலை தாழ்ந்திருந்தது. பழிவாங்கும் நாளாக இருந்திருக்கக்கூடிய அந்நாள் மன்னிப்பின் நாளாயிற்று.

அந்த இளைஞனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இங்கேதான் இருக்கின்றது. மகனே, உன் மூத்தவாப்பாவுக்கு நடந்தது அநீதி. அதை அநீதி என்று சொல்வது நாட்டுக்குத் துரோகமல்ல. 2021 பெப்ரவரி மாத இறுதியில் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. அங்கே முஸ்லிம்கள் மட்டுமல்ல, பிற சமயச் சகோதரர்களும் அடக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் அச்செயலுக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மண்ணில் அடங்காத உடல் அதனால் திரும்பி வராது. எனினும் வாய்மூடி இராமல், வன்முறையில் இறங்காமல் நீதி கேட்டவர்களின் குரல் வீண்போகவில்லை.

இந்த நாடு உத்தரவு போட்டவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1945 நவம்பரில் அரசாங்க சபையில் சுதந்திரத்தை நோக்கிய பிரேரணை 51க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது, கொழும்பு ஸாஹிரா கல்லூரியின் அதிபராயிருந்த ரீ. பி. ஜாயா அவர்கள், நமது சமூகத்துக்கெனத் தனிப்பேரம் பேசாமல் நாட்டின் விடுதலைக்குத் தோள் கொடுத்தார்கள். தேசியக் கொடியிலுள்ள பச்சைப் பட்டை நம்மைக் குறிக்கின்றது. நாம் அக்கொடியைக் கைவிட்டால் நம் பங்கை நாமே கைவிட்டவர்களாவோம்.

பெற்றோர்களே, அந்நாள் வரும்போது சிலவற்றைச் செய்யுங்கள். பிள்ளைகளை உட்கார வைத்து இந்நாட்டில் நம் மூதாதையர் வாழ்ந்த வரலாற்றைச் சொல்லுங்கள். நேர்ந்த துன்பங்களையும் மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்தால், வெறுப்பை விற்பவன் தன் பாணியில் அவற்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இளைஞர்களே, மோட்டார் சைக்கிளில் கூச்சலிட்டுத் திரிவதும் தொழுகையைத் தவறவிடுவதும் சுதந்திரமல்ல. உங்கள் வீதியைத் துப்புரவு செய்யுங்கள், அயலிலுள்ள பிற சமயத்தவரின் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள். இந்நாட்டின் அமைதிக்காகவும் துஆச் செய்யுங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்காவுக்காகக் கேட்ட துஆவில் அபயத்தையே முதலில் கேட்டார்கள், அதன் பின்னரே கனிகளைக் கேட்டார்கள் என்பதை மறவாதீர்கள்.

அந்தத் தந்தையைப் பின்னரும் சந்தித்தேன். அவர் வீட்டில் கொடி இன்னும் ஏறவில்லை. அவரை நான் குறைகாணவில்லை. காயம் ஆறுவதற்குக் காலம் வேண்டும். ஆனால் அவர் மகன் சென்ற சுதந்திர தினத்தன்று காலையில் தன் நண்பர்களுடன் சென்று இரத்ததானம் செய்துவிட்டு வந்தானாம். அந்த இரத்தம் எச்சமூகத்தவரின் உடலில் ஓடப்போகின்றது என்பதை அவன் அறியமாட்டான். கொடி ஏற்றாத அந்த வீட்டிலிருந்து நாட்டுக்குச் சென்றது அது.

யா அல்லாஹ், இந்நாட்டை அபயமளிக்கும் நாடாக ஆக்குவாயாக. அநீதிக்குள்ளானோருக்கு ஆறுதலையும், ஆட்சி செய்வோருக்கு நீதியையும், எம் பிள்ளைகளுக்கு நேர்வழியையும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.