பேசும்போதே கேட்கும் வானொலி

நேரலை நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வருகிறவரிடம், ஊர் பெயரைக் கேட்பதற்கு முன்பே அறிவிப்பாளர் ஒன்றைச் சொல்லிவிடுவார்: "உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க." குறைக்காவிட்டால் அவர் குரல் வானொலிப் பெட்டி வழியே வந்து மறுபடி தொலைபேசிக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றி ஊளையிடும். கம்பியில்லாக் கருவிகளுக்குள்ளும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே சத்தத்தைக் குறைக்க வழியில்லை. குறைத்தால் பேச்சு எதிர்முனைக்குப் போகாது.

ஒரு வைஃபை கருவி 100 மில்லிவாட் சக்தியில் அலையை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து அதற்கு வந்து சேரும் பதிலோ, இரைச்சலுக்குச் சற்று மேலே தலைதூக்கி நிற்கும். சொந்த அலைக்கும் அந்த இரைச்சல் மட்டத்துக்கும் 110 டெசிபல் வித்தியாசம், அதாவது பத்தாயிரம் கோடி மடங்கு. (எழுதிப் பார்க்கும் நேயர்கள் ஒன்றுக்குப் பின் 11 பூஜ்யம் போடலாம்.) அதனால் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுவதையும் கேட்பதையும் விட்டுப் பொறியாளர்கள் நெடுங்காலம் ஒதுங்கியே போனார்கள். வாக்கி-டாக்கியில் ஒருவர் "ஓவர்" சொன்ன பிறகுதான் மற்றவர் பேசலாம். 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் செல்பேசியில் போகும் அலைக்கும் வரும் அலைக்கும் நடுவே 45 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டார்கள்.

முறை வைத்துப் பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. கேஎல்எம் ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் துடித்துக்கொண்டிருந்தது. அதே பாதையில் பான் ஆம் ஜம்போ மெதுவாக வந்துகொண்டிருந்தது. காத்திருக்கும்படி கட்டுப்பாட்டுக் கோபுரம் கேஎல்எம்முக்குச் சொன்ன அதே நொடிகளில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானி அறிவித்தார். இரண்டு பேச்சும் ஒரே அலைவரிசையில் மோத, கேஎல்எம் விமானி அறையில் கேட்டது கீச்சென்ற ஓசை. பேசிய இருவருக்கும் மோதல் தெரியவில்லை. பேசுகிறவரின் வானொலிக்கு அந்த நேரத்தில் காது கிடையாது. விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. இறந்தவர்கள் 583 பேர்.

ஒரே அலைவரிசையில் பேசும்போதே கேட்க முடியாதா? முடியாது என்பதே பாடநூல்களின் பதிலாக இருந்தது. 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் லெவிஸ், சச்சின் கட்டி ஆகியோரின் குழு ஒரு சாதுரியமான வேலை செய்தது. அனுப்புவதற்கு இரண்டு ஆன்டெனா, கேட்பதற்கு ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கேட்கும் ஆன்டெனாவை ஒன்றிலிருந்து ஓரளவு தூரத்திலும், மற்றதிலிருந்து அதைவிட அரை அலைநீளம், அதாவது 6 சென்டிமீட்டர் கூடுதல் தூரத்திலும் நிறுத்தினார்கள். ஒன்றிலிருந்து வரும் அலை ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் அந்த இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். பக்கத்து ஆன்டெனாவின் அலை வலுவாக வருமே என்று கேட்கும் நேயருக்குப் பாராட்டு! அதன் சக்தியை மட்டும் சற்றுக் குறைத்து இரண்டையும் சமப்படுத்தினார்கள். சந்தையில் கிடைத்த ஓர் இரைச்சல் நீக்கும் சில்லையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் ஆன்டெனா ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே பலன் குறையும். அகன்ற அலைவரிசையில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அலைநீளம் மாறுவதால், ஒன்றுக்குச் சரியான இடம் இன்னொன்றுக்குச் சரிப்படாது.

தான் அனுப்பியது தனக்குத் தெரியுமே, கணினியிலேயே கழித்துவிட்டால் என்ன? கழிப்பதற்கு முன்பே பெருவெள்ளம் உள்ளே புகுந்து, அலையை எண்ணாக மாற்றும் பகுதியைத் திணறடித்துவிடும். தவிர, பெருக்கியும் தன் பங்குக்கு அலையைக் கோணலாக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை வேறு. அதனால் முதலில் மின்சுற்றில் கொஞ்சம், பிறகு கணக்கில் மிச்சம் என்று கழிக்க வேண்டும். 2013இல் தினேஷ் பராடியா, எமிலி மெக்மிலின், கட்டி மூவரும் ஒரே ஆன்டெனாவில் அந்த 110 டெசிபலையும் அடக்கிக் காட்டினார்கள். தரவின் வேகம் ஏறத்தாழ 87 விழுக்காடு கூடியது. அறையில் ஒருவர் நடந்தாலே எதிரொலி மாறும். கருவி உடனுக்குடன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரே ஆன்டெனாவில் போவதையும் வருவதையும் பிரிக்கும் சர்குலேட்டர் என்ற உறுப்புக்குக் காந்தம் தேவைப்பட்டது. காந்தத்தைச் சிலிக்கான் சில்லுக்குள் வைக்க முடியாது. சென்னை ஐஐடியில் படித்த ஹரிஷ் கிருஷ்ணசாமியும் அவர் மாணவி நெகார் ரெய்ஸ்கரிமியனும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016இல் காந்தமே இல்லாத சர்குலேட்டரைச் சில்லில் செய்துவிட்டார்கள். டிரான்சிஸ்டர் சுவிட்சுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடினால் போதும் என்று காட்டிய அந்த வேலையைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம்.

நேரம் நெருங்குகிறது. கேபிள் வழி இணையத்தின் புதிய தரநிலைகளில் பேசும்போதே கேட்கும் இந்த முறை, அதாவது ஃபுல் டூப்ளெக்ஸ், ஏற்கெனவே இடம்பிடித்திருக்கிறது. 5ஜியில் இதன் ஒரு வடிவத்தைக் கோபுரத்தில் மட்டும் கொண்டுவரும் ஏற்பாடு நடக்கிறது; இடமும் மின்சாரமும் அங்கேதான் தாராளம். சட்டைப்பைச் செல்பேசிக்கும் அது வந்து சேரும் என்று நம்புவோம்.