போதும்பொண்ணு: ஒரு பெயரும் ஒரு பத்திரமும்

(மகளிர் தினத்தையொட்டி நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெயர்களின் பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தவுடன், அரசியல் வகுப்பில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால் அகராதியிலிருந்து தொடங்காமல் என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாத்தாவுக்கு வரிசையாக நான்கு பெண்கள். நான்காவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிள்ளையாகப் பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அடுத்துப் பிறந்தவர் என் தந்தை. ஆகவே எங்கள் குடும்பத்தின் கணக்குப்படி அந்தப் பெயர் ‘பலித்துவிட்டது’. நாங்கள் பிள்ளைகள் அவரைப் ‘போதும் அத்தை’ என்றே அழைத்து வளர்ந்தோம். அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. போதுமணி, வேண்டா என்ற பெயர்களையும் கேட்டிருப்பீர்கள். கட்சிப் பணிக்காக வடக்கே செல்லத் தொடங்கிய பிறகுதான் இது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஹரியானாவில் பதேரி என்று பெண்களுக்குப் பெயர் உண்டு; ‘நிறைய ஆயிற்று’ என்று பொருள். பர்பாயி என்றால் கணக்குத் தீர்ந்தது. ராஜஸ்தானில் தாபூ என்பார்கள். வயிறு நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்பதே அதன் கருத்து. மாஃபி என்றும் பெண்ணுக்குப் பெயர் வைக்கிறார்கள். மன்னிப்பு! யார் யாரிடம் கேட்கும் மன்னிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வங்கத்தில் ஆன்னாகாளி என்ற பழைய பெயரைக் கேட்டால் காளி பக்தி என்றே நினைப்போம். அது ‘ஆர் நா, காளி’ என்பதன் மரூஉ: இனி வேண்டாம், காளி. மராட்டியத்தில் நகுசா, நகோஷி. ‘நகோ’ என்றால் வேண்டாம். வேண்டாதவள் என்பதே அந்தக் குழந்தையின் பெயர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிச்சை, குப்பை என்று ஆண் பிள்ளைகளுக்கும் இழிவான பெயர்களை வைத்தார்களே, இது வெறும் கிராமத்து மூடநம்பிக்கைதானே என்று கேட்கலாம். இந்த வேறுபாட்டில் சற்று நின்று பேச வேண்டும். முதல் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிழைத்திருக்கும் பிள்ளையைச் சாவின் கண்ணிலிருந்து மறைக்க இழிந்த பெயரை வைப்பது நாடெங்கும் இருந்த வழக்கம். வங்கத்தில் தாய் தன் மகனைப் பெயருக்கு மூன்று சோழிகளுக்கோ ஐந்து சோழிகளுக்கோ விற்றுத் திரும்பப் பெறுவாள். அவன் தின்கடி, பாஞ்ச்கடி ஆவான். இந்தி பேசும் பகுதியில் குப்பைமேட்டின் பெயரால் கூரஹு, விற்கப்பட்டவன் என்று பேச்சன். மராட்டியத்தில் கல் என்ற பொருளில் தோண்டோ, தக்டு. விதவை மறுமணத்திற்காகப் போராடி, 1916இல் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் நிறுவிய தோண்டோ கேசவ் கார்வேயின் பெயரும் இந்த வகைதான். குப்பம்மாள், பிச்சையம்மாள் என்று பெண்களுக்கும் வைத்தார்கள். மருத்துவம் எட்டாத மக்களின் அச்சமும் அன்பும் சேர்ந்து செய்த தந்திரம் அது. சாவிடம் சொல்லும் பொய். ஆனால் நகுசா என்பதிலும் போதும்பொண்ணு என்பதிலும் பொய் இல்லை. சொன்னதை அப்படியே கருதிச் சொன்னார்கள்.

இழிந்த பெயருக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்தால் குற்றமாகும். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடுவதற்கும் சட்டம் வகுக்கிறது. பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும். சூத்திரன் பெயர் இகழ்ச்சிக்குரியதாக இருக்க வேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மஹாடில் அம்பேத்கரும் அவருடைய தோழர்களும் எரித்த நூலில் இந்த விதியும் இருந்தது. ‘பலுதா’ என்ற தன்வரலாற்றை எழுதிய தலித் எழுத்தாளர் தயா பவாரின் இயற்பெயர் தக்டு மாருதி பவார். ஒடுக்கப்பட்ட வீட்டில் இத்தகைய பெயர் எவ்வளவுக்குத் தாயின் அச்சம், எவ்வளவுக்கு மேலிருந்து வந்த கட்டளை என்று பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் ஒரே சொல்லில் கலந்து கிடக்கும்.

பெண்களுக்குத் திரும்புகிறேன். 2011 அக்டோபரில் மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு விழா நடந்தது. நகுசா, நகோஷி என்று பெயரிடப்பட்டிருந்த 285 சிறுமிகள் தங்களுக்குப் பிடித்த புதிய பெயர்களைச் சூட்டிக்கொண்டு சான்றிதழும் பெற்றார்கள். நல்ல முயற்சி; குறை சொல்ல மாட்டேன். வகுப்பறையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு நாளும் ‘வேண்டாதவளே’ என்று அழைக்க, ‘உள்ளேன்’ என்று எழுந்து நின்ற குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிது என்பதை நாம் உணர வேண்டும்.

ஆனால் ஒரே மாவட்டத்தில் 285 பேர் என்பது ஏதோ ஒரு தாத்தாவின் கோபத்தால் நேர்வதன்று. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கை, 25 வயதுக்குட்பட்ட ‘வேண்டாத’ பெண்கள் இந்நாட்டில் 2.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. ஆண் பிள்ளை வேண்டும் என்று பெற்றுக்கொண்டே போன குடும்பங்களில் பிறந்த பெண்கள் இவர்கள். இதைக் கணிக்கப் பொருளியலாளர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல், ஒரு குடும்பத்தின் கடைசிக் குழந்தை ஆணா பெண்ணா என்பதே. அந்த அறிக்கைக்கு இளஞ்சிவப்பு அட்டை போட்டிருந்தார்கள். அட்டையின் நிறத்தை விட்டுவிடலாம். உள்ளே இருந்த அளவுகோல் உண்மையானது. ஹரியானாவின் கிராமத்துப் பாட்டிகள் அதைத் தலைமுறைகளாகவே அறிவார்கள். கடைசிப் பெண்ணுக்கு ‘அந்திம்’ என்று பெயர் வைப்பது அவர்கள் வழக்கம்.

அந்திம் பங்காலை நீங்கள் அறிவீர்கள். ஹிசார் மாவட்டத்து மல்யுத்த வீராங்கனை. வீட்டில் நான்காவது பெண்; இவளோடு பெண் பிள்ளை முடியட்டும் என்று வைத்த பெயர் அது. 2022இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். 2023இல் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். அவரை அவருடைய பெற்றோர் ஊக்குவித்துத்தான் வளர்த்தார்கள். அதே பெற்றோர்தான் அந்தப் பெயரையும் வைத்தார்கள். இதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்லர். பெண் பிறந்தால் வரதட்சணை, ஆண் பிறந்தால் நிலத்துக்கு வாரிசு என்று வைத்திருக்கும் ஒரு சமூகம் அவர்களுடைய வாயால் பேசுகிறது. சொத்து மகன் வழியே இறங்க வேண்டும் என்ற ஏற்பாட்டிலிருந்து பெண்ணின் தோல்வி தொடங்கியது என்று எங்கெல்ஸ் 1884இல் எழுதியதைப் பாடமாகப் படிக்கிறோம். அதை நம் ஊர்ப் பெயர்களிலும் படிக்கலாம்.

இப்பெயர்கள் இப்போது குறைந்து வருகின்றனவே என்று ஆறுதல் கொள்ளலாமா? எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்குப் பெண்கள் 1991இல் 945 பேர், 2001இல் 927, 2011இல் 918. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்தச் சரிவு. ஒரு காலத்தில் போதும்பொண்ணு என்று பெயராவது பெற்று வளர்ந்தவள், ஸ்கேன் வந்த பிறகு பிறக்கவே இல்லை என்றும் இதைப் படிக்க இடமிருக்கிறது.

மறுபடியும் என் அத்தை. 1960களின் பிற்பகுதியில் தாத்தா இறந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் பங்கில் மகள்களுக்கும் பங்கு உண்டு. அதைச் சட்டப்படியே இல்லாமல் ஆக்க ஒரு வழியும் உண்டு: விடுதலைப் பத்திரம். நான்கு அத்தைகளையும் மாட்டுவண்டியில் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஆளுக்கு ஒரு நூல்சேலை. போதும் அத்தை கைநாட்டு வைத்தார். ராஜஸ்தானில் இதற்கு ‘ஹக் தியாக்’, உரிமைத் தியாகம், என்று பெயர். அங்கே கையெழுத்திட மறுக்கும் சகோதரிக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். தியாகம் என்று அழகான பெயரை இதற்கு வைத்தவர்கள்தாம் பெண்ணுக்கு மாஃபி என்று வைத்தார்கள்.

2005இல் சட்டம் திருத்தப்பட்டது. மகளும் பிறப்பாலேயே பங்காளி. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆனால் முன்பே பதிவான பத்திரங்களை இவை தொடுவதில்லை. புதிய பத்திரங்கள் எழுதப்படுவதையும் இவை நிறுத்திவிடவில்லை. நம் தோழர்கள் வீடுகளில் மகனுக்கு லெனின் என்றும் மகளுக்கு வாலண்டினா என்றும் பெயர் வைத்திருக்கிறோம். 1963இல் விண்வெளிக்குச் சென்ற அந்த நெசவாலைத் தொழிலாளியின் பெயரை மகளுக்கு வைத்த வீடுகளில், பட்டா யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கூடத்தில் இருக்கும் யாரையும் குறிவைத்துக் கேட்கவில்லை. என்னிடமே கேட்கிறேன்.

அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டியபோது, கெஜட்டில் அறிவித்துப் பெயரை மாற்றித் தருவதாகச் சொன்னேன். பெருமையோடுதான் சொன்னேன். அவர் சிரித்தார். “பேரை மாத்தி இனி என்னப்பா ஆகப் போவுது? அந்தப் பத்திரத்தை மாத்துவியா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு காலமானார்.

அந்த இரண்டே முக்கால் ஏக்கர் நிலம் இன்று என் பெயரிலும் என் தம்பி பெயரிலும் இருக்கிறது. அத்தைக்கு இரண்டு மகள்கள். அவருக்குச் சேர வேண்டியிருந்த பங்கை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் இரண்டு முறை பேசிவிட்டேன். அவர் இன்னும் இசையவில்லை; மற்ற மூன்று அத்தைகளின் பிள்ளைகளும் கேட்பார்களே என்கிறார். கேட்கட்டும் என்பது என் பதில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மீண்டும் உட்கார்ந்து பேசவிருக்கிறோம்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண் தோழர்கள் முதலில் கேட்கலாம்.