மூன்று கட்டங்களில் ஒரு கதை
(திருவண்ணாமலையில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



திரைக்கதையை அறிமுகம், மோதல், தீர்வு என மூன்றாகப் பிரித்துக் காட்டினார் சித் ஃபீல்டு, 1979-இல் வெளியான தம் நூலில். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என நாடகச் சந்திகளைப் படித்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

என் எட்டாம் வகுப்பில் 'காக்கா முட்டை' படத்தை எடுத்துக்கொண்டேன். மணிகண்டன் இயக்கி 2015-இல் திரைக்கு வந்த படம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, "முதல் கட்டம் எங்கே முடிகிறது?" என்று கேட்டேன்.

"மரத்தை வெட்டும்போது சார்" என்றார்கள் பலர். "பீட்சா சாப்பிடணும்னு முடிவு பண்ணும்போது" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதே சரி. மரம் போனது அந்தச் சிறுவர்களுக்கு நேர்ந்தது. பீட்சா அவர்களே எடுத்த முடிவு. கதை அங்கிருந்துதான் நகர்கிறது.

இரண்டாம் கட்டத்தில் தடைகள் வளர்கின்றன. முதலில் காசில்லை. நிலக்கரி பொறுக்கியும் வேறு வேலை செய்தும் சேர்க்கிறார்கள். காசோடு போனால், காவலாளி உள்ளே விடவில்லை. நல்ல உடையோடு போனால், அடி விழுகிறது.

மூன்றாம் கட்டத்தில் கடைக்காரரே அழைத்து உபசரிக்கிறார். ஆனால் பீட்சா ருசிக்கவில்லை. பாட்டி சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். ஆசைப்பட்டது கிடைத்த பிறகு அவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதில் படம் முடிகிறது.

பிறகு, "உங்கள் கதையை மூன்று கட்டங்களில் எழுதுங்கள்" என்றேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கு மறுநாளும் தாமதமாக வரும் மாணவன் ஒருவன் எழுதியது இது:

முதல் கட்டம்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.
இரண்டாம் கட்டம்: கிரிவலப் பாதையில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாட்டில் விற்கிறேன். பள்ளிக்கூடம் வந்தால் சார் வெளியே நிற்க வைக்கிறார்.
மூன்றாம் கட்டம் காலியாக இருந்தது.

அந்தக் கதையில் காவலாளி யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியரோடு அவன் வீட்டுக்குப் போனேன். அடுத்த பௌர்ணமிக்கு அவனுடைய சித்தப்பா விற்கப் போனார். அதற்கடுத்த மாதம் மறுபடியும் அவனே போனான். மறுநாள் தாமதமாக வந்தவனை உள்ளே உட்காரச் சொன்னேன். விட்டுப்போன பாடத்தை மாலையில் நடத்துகிறேன். அவன் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வகுப்பிலும் இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். காலியாக விடப்பட்ட கட்டங்களை முதலில் படியுங்கள்.