எங்கே இறங்கியது அந்த வார்த்தை?

நடுவர் அவர்களே! சண்டைக்கெல்லாம் காரணம் கோபம்தான்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசிட்டுப் போனார். கோபம், பாவம், வந்த வேகத்திலேயே போயிடும். போகாம நிக்கிறது எது? நான் சொன்னதிலே பாதியை வெட்டிட்டு மீதியை ஊருக்குச் சொல்றீங்களே, அது!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஒரு மேனேஜர், ‘ஆர்டர் வரலேன்னா ஓவர்டைம் கிடையாது’ன்னு சொல்றார்னு வச்சுக்குங்க. ஷிப்ட் பஸ் கவரைப்பேட்டை தாண்டறதுக்குள்ளே, ‘ஓவர்டைம் கிடையாதுன்னு சொல்லிட்டாருப்பா!’ அவர் சொன்ன வார்த்தைதான். ‘ஆர்டர் வரலேன்னா’ மட்டும் வழியிலே எங்கேயோ இறங்கிடுச்சு. (சிரிப்பு)

படிக்காதவங்க செய்யற வேலைன்னு நினைச்சுடாதீங்க. நம்ம பெரும்புலவர்கள் கதையைக் கேளுங்க. 1867-இல் வள்ளலாரின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சாகின்றன. அருட்பா என்றால் தேவாரமும் திருவாசகமும் அல்லவா, இந்தக் காலத்துப் பாட்டுக்கு அந்தப் பெயர் தகுமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து கண்டனம் கிளம்புகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா பெயரை வச்சவர் யாரு? மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார்! வள்ளலாரோ, ‘இராமலிங்கசாமி’ன்னு என் பேரைப் போடாதீங்க, ஆரவாரமாத் தெரியுதுன்னு இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினவர். ‘சாமி’யே வேண்டாம்னவர் தலையிலே பழி முழுசும் விழுந்தது. சைவச் சண்டையிலே மாட்டின அந்த மனிதர், இதே திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் மேலேயும் பாடினவருங்க!

சரி, வள்ளலார் பக்கம் நின்னவங்க மட்டும் யோக்கியமா? திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பிழை பார்த்து அச்சேற்றியவர் நாவலர். அந்த உழைப்பையெல்லாம் வெட்டிட்டு, ‘பொறாமைக்காரர்’னு ஒரே சொல்லிலே முடிச்சாங்க. ‘போலியருட்பா மறுப்பு’ன்னு நாவலர் பக்கம் ஒரு பிரசுரம். இன்னொண்ணுக்குப் பேரு ‘குதர்க்காரணிய நாச மகா பரசு’. குதர்க்கக் காட்டை அழிக்கிற பெரிய கோடரி! (கைதட்டல்) பேரிலேயே கோடரி இருந்தா உள்ளே என்ன மிஞ்சும்? 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போச்சு. அங்கே நடந்ததுக்கு இன்னிக்கும் மேடைக்கு ஒரு கதை சொல்றாங்க. ஆய்வாளர் ப. சரவணன் இரண்டு தரப்புக் கண்டனங்களையும் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். கதை சொல்றவங்க அதை ஒரு தரம் புரட்டிட்டுச் சொல்லலாம்.

இரண்டு பேரும் மறைஞ்ச பிறகும் சண்டை ஓயலே. நாவலர் வழியிலே அருட்பாவை எதிர்த்தவர் நா. கதிரைவேற் பிள்ளை. 1904-இல் அவர் வழக்கிலே சாட்சி சொல்லப் போன ஒரு மாணவர், பள்ளி இறுதிப் பரீட்சையைக் கோட்டைவிட்டார். யார் தெரியுமா? நம்ம திரு.வி.க.!

அதே திரு.வி.க. பிற்காலத்திலே வள்ளலாரைத் தாமே படிச்சார். படிச்சு, ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’னு தனிப் புத்தகமே எழுதினார். போன பரீட்சை போனதுதான். அதைக் கெடுத்தது கோபமா, வெட்டின வார்த்தையா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்க!