கடைசித் தேதிக்கு முன்னால் இருப்பவை



என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் தேர்வாகும் மாணவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது தோட்டப் பகுதியில் பணியாற்றும் நமக்குத் தெரியும்.

ஓராண்டு என் மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் என்னால் தவறிப்போனது. கடைசித் தேதி என் நாட்குறிப்பில் இருந்தது. ஆனால் வருமானச் சான்று வேண்டும், அதற்கு அவள் அம்மா ஒரு நாள் கூலியை விட்டு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும், பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என அது நகர வேண்டும். இவை எதுவும் நாட்குறிப்பில் இல்லை.

அதன்பின் நான் பழகிய கருவி டாஸ்க்வாரியர். கட்டளை வரியில் இயங்கும் இலவசப் பணிப்பட்டியல். நிறுவுவதற்கு ஒருமுறை இணையம் போதும், பிறகு தேவையில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், தேவாலாப் பக்கம் சிக்னல் போனாலும் பட்டியல் நம்மிடம் இருக்கும். உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் உள்ள பழைய மடிக்கணினியே போதும்.

டெர்மினலைத் திறந்து, சுடோ, ஏபிடி, இன்ஸ்டால், டாஸ்க்வாரியர் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். பள்ளிக் கணினி என்றால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். பிறகு டாஸ்க் என்று மட்டும் தட்டினால், அமைப்புக் கோப்பை உருவாக்கவா என்று கேட்கும், சம்மதம் சொல்லுங்கள்.

இனி மூன்று கட்டளைகள். 'டாஸ்க் ஆட்' என்று தட்டி வேலையை எழுதினால் அது சேரும். தமிழிலும் எழுதலாம், சில திரைகளில் எழுத்து சற்றுக் கலைந்து தெரியும். 'டாஸ்க் லிஸ்ட்' பட்டியலைக் காட்டும். 'டாஸ்க் 1 டன்' முதல் வேலையை முடித்ததாகக் குறிக்கும். கெடு வைக்க, 'டியூ' என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டு, இடைவெளியின்றி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சிறுகோடு போட்டுத் தேதியை எழுதுங்கள்.

என்னைக் காப்பாற்றியது 'டிபெண்ட்ஸ்' என்ற சொல். அம்மாவிடம் பேசுவது 1, வருமானச் சான்று 2, விண்ணப்பம் 3 என்று வைத்துக்கொள்வோம். 'டாஸ்க் 2 மாடிஃபை' என்று தட்டி, டிபெண்ட்ஸ், முக்காற்புள்ளி, 1 என்று சேர்த்தால், பேசி முடிக்கும்வரை சான்று காத்திருக்கும். அப்படியே மூன்றாவதை இரண்டாவதோடு கட்டுங்கள். 'டாஸ்க் ரெடி' என்றால் இன்று தொடங்கக்கூடியவை மட்டும் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு கொடுங்கள். சான்றுக்கான கெடு விண்ணப்பத்தின் கெடுவுக்குப் பல வாரம் முன்னதாக இருக்கட்டும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. ஒரு வேலை முடிந்தபின் மற்றவற்றின் எண்கள் மாறலாம். பட்டியலைப் பார்த்துவிட்டே எண்ணைத் தட்டுங்கள். தவறினால் 'டாஸ்க் அன்டூ' உண்டு. பணிகள் உங்கள் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் 'டாஸ்க்' என்ற மறைந்த உறையில் இருக்கும். வாரம் ஒருமுறை அதைப் பென்டிரைவில் நகலெடுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் பட்டியலில் எழுதாதீர்கள்.

கருவி தானாக எதையும் செய்துவிடாது. பிள்ளைகளின் வருகையைப் பதியும் முன் அதை ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். நாட்குறிப்பே போதும் என்பவர்கள் அதிலேயே எழுதலாம். ஆனால் கடைசித் தேதியை மட்டும் எழுதாமல், அதற்கு முன் நடக்க வேண்டியவற்றையும் எழுதுங்கள். நாம் மறந்தால் இழப்பு நமக்கல்ல, அந்தப் பிள்ளைக்கு.