கதை சொல்பவன் குறுக்கிடும் நாவல்கள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் இருக்க, நடுவே அமைந்தது செட்டிபாளையம். அவ்வூரில் உயர்தர வகுப்பிலே தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் பிரதாப முதலியார் சரித்திரத்தைக் கையில் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தமிழின் முதல் நாவல் அது, வெளிவந்த ஆண்டு 1879, ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நூலையோ அவன் இதுவரை திறந்ததில்லை. திறந்ததும், பத்துப் பக்கம் செல்லுமுன்னே சலிப்புத் தட்டுகிறது. கதாநாயகன் ஒரு செய்தியைத் தொடங்குகிறான். அது முடியுமுன் ஒரு கிளைக்கதை. பின்னர் ஒரு வேடிக்கை. அதன்மேல் ஒரு நீதியுரை. 'கதை எங்கே போயிற்று?' என்று மாணவன் பக்கங்களைத் தள்ளுகிறான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. கதைச் சுருக்கம் எழுதிப் புள்ளி பெறவே அவன் பழக்கப்பட்டிருக்கிறான். இத்தகைய நாவலைச் சுருக்கினால் எஞ்சுவது சக்கையே; சாறு முழுவதும் வெளியே போய்விடும்.

அவன் தள்ளிய பக்கங்களில் என்ன இருந்தது என்று பார்த்தல் வேண்டும். வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆங்கிலத்திலிருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862 இல் வெளியிட்டவர். வழக்காளிக்குப் புரியாத மொழியில் அவனுடைய வழக்கு நடப்பதைக் கண்ணாரக் கண்டவர். அந்த மனக்குமுறலை அவர் தம் நாவலில், கதையை நிறுத்திவைத்துவிட்டுப் பேசுகிறார். தமிழ் வழங்கும் நாட்டில் நீதிமன்றம் தமிழில் நடக்கவேண்டும் என்று 1879 இலேயே வாதாடுகிறார். கதைக்கு அது வேண்டாத பகுதிதான். ஆனால் நூலாசிரியரின் நெஞ்சு வேறெங்கும் அவ்வளவு அருகில் வருவதில்லை. விரைந்து செல்லும் வாசகன் இழப்பது இதனைத்தான்.

வத்தலக்குண்டைச் சேர்ந்த ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் இன்னும் நுட்பமானது. 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்னும் மாத இதழில் அது தொடராக வந்தது. கதை சொல்பவர் இதில் பாத்திரமல்லர். ஆயினும் வாசகரோடு திண்ணையில் அமர்ந்து பேசுபவர் போலவே இருக்கிறார். சிறுகுளத்துப் பெண்கள் கூடிப் புறங்கூறும் கூட்டத்திற்கு 'வம்பர் மகாசபை' என்று பெயர் சூட்டி, ஏதோ அரசவையை வருணிப்பவர் போல முகத்தில் சிரிப்பின்றி வருணிக்கிறார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரை அவர் படுத்தும் பாட்டைத் தமிழாசிரியர்கள் படித்துச் சிரிப்பதற்குச் சற்று மனத்திடம் வேண்டும். இத்தனை சிரித்தவர், முத்துஸ்வாமி ஐயரின் குடும்பம் நிலைகுலையும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அந்தக் குரலோடு முன்பே பழகியவனுக்கன்றி அம்மாற்றம் செவியில் விழாது. ராஜம் ஐயர் 1898 இல், தம் இருபத்தாறாம் வயதில் மறைந்தார். தமிழுக்கு அவர் விட்டுச் சென்ற நாவல் இது ஒன்றே.

பிற நாட்டிலும் இவ்வழக்கு உண்டு. செர்வாந்திசு 1615 இல் வெளியிட்ட தொன் குயிக்சோத்தின் இரண்டாம் பாகத்திலே, முதற்பாகத்தைப் படித்த பாத்திரங்கள் கதாநாயகனைக் கண்டு மகிழ்கின்றனர். பீல்டிங் தம் டாம் ஜோன்சின் பதினெட்டுப் புத்தகங்களுள் ஒவ்வொன்றையும் வாசகரோடு உரையாடும் ஓர் அத்தியாயத்தோடு தொடங்குகிறார். லாரன்சு ஸ்டேர்ன் செய்தது குறும்பின் உச்சம். 1759 இல் தொடங்கிய டிரிஸ்ட்ரம் ஷாண்டியில், தன் வரலாறு கூற வந்தவன் மூன்றாம் பாகத்தில்தான் பிறக்கிறான். முகவுரையும் அங்கேதான் வருகிறது. ஒரு பக்கம் முழுக் கறுப்பு. வேறொரு பக்கம், வாசகரே ஒரு பெண்ணை வரைந்துகொள்ளுமாறு வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

ஆசிரியன் தன்னை மறைத்துக்கொள்ளவேண்டும் என்னும் விதி பின்னால் வந்தது. அவ்விதியைக் கொண்டு இந்நூல்களை அளந்து, 'உருவம் கைவராத தொடக்கக்கால முயற்சிகள்' என்று ஒதுக்குவோர் உளர். மட்டக்களப்பு மண்ணில் பிறந்தவர்கள் அவ்வளவு எளிதில் இதற்கு உடன்படலாகாது. வட்டக்களரியிலே அண்ணாவியார் எங்கே நிற்கிறார்? திரைக்குப் பின்னாலா? மத்தளத்தோடு எல்லோரும் காண நடுக்களரியில் நிற்கிறார். கட்டியகாரன் முன்னே வந்து, அரசன் கொலுவுக்கு வருகிறான் என்று கூறிவிட்டே செல்கிறான். அண்ணாவியார் கண்ணெதிரே நிற்பதனால் கர்ணனுக்காக எவரும் கண்ணீர் விடாமல் இருந்ததில்லை. விடியும்வரை நடக்கும் கூத்தை, 'முடிவு என்ன?' என்று கேட்டுக்கொண்டு எவரும் பார்ப்பதுமில்லை. முடிவு அவர்களுக்கு முன்பே தெரியும்.

ஆகவே செட்டிபாளையத்து மாணவன் அந்நூலை மூடிவிட வேண்டியதில்லை. பரீட்சை முடிந்தபின், ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயமாக, வீட்டிலுள்ளோர் கேட்க உரக்கப் படித்துப் பார்க்கலாம். கமலாம்பாள் சரித்திரத்தை முதலிற் படித்தவர்கள் அடுத்த பகுதிக்கு ஒரு மாதம் காத்திருந்தார்கள். ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாளும் பகுதி வரும்போது, அம்மம்மா நித்திரையை மறந்து, 'பிறகு என்ன நடந்தது, மகன்?' என்று கேட்பார். அவ்வேளை பார்த்துப் பிரதாப முதலியார் வேறொரு கதையைத் தொடங்கிவிடுவார்.